விருத்தத்தில் விழுந்த ஜால்ரா

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். கார் ஓட்டத் தெரியாது. வீட்டு வேலை, பூஜை, வெள்ளிக்கிழமை பஜனை, இவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் போய் இஞ்சினைப் பற்றி எழுதினால் படிப்பவர்கள் சிரிப்பார்களே என்று ஒரு பக்கம் கூச்சம். முருகன் கொடுத்த காதை என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்வது போல ஆகிவிடுமோ என்று இன்னொரு பக்கம் பயம். இப்போது இரண்டும் போய்விட்டன. நான் கேட்டது சரியாகத்தான் கேட்டேன். அதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு சதுரங்கப்பட்டினத்தில். என் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். அணுபுரம் குடியிருப்பில் உள்ளவர்களை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவார். மாமல்லபுரத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்களைக் காஞ்சிபுரம், திருக்கழுக்குன்றம் என்று கோயில் கோயிலாகக் கூட்டிப்போவார். கடல் காற்றில் துரு ஏறிவிடக் கூடாது என்று தினமும் நல்ல தண்ணீரில் வண்டியைத் துடைப்பார். பெற்ற பிள்ளைகளை அவர் அப்படிக் குளிப்பாட்டி நான் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் வண்டிக்குள் முதலில் கேட்கிற சத்தம் சாமி பாட்டாகத்தான் இருக்க வேண்டும். அதற்காகவே ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கையடக்கமான ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தார். அதில் செருகிய பென் டிரைவில் முதல் பாட்டு ஒரு முருகன் பாட்டு. பொத்தானை அமுக்கிப் பாட்டு ஆரம்பித்த பிறகுதான் சாவியைத் திருப்புவார். சத்தத்தையும் குறைவாக வைக்க மாட்டார். தெருவில் பாதி வீட்டுக்கு அதுதான் அலாரம்.

அந்தப் பாட்டு விருத்தத்தில் ஆரம்பிக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விருத்தம் என்றால் தாளம் இல்லாமல் இழுத்து, உருகிப் பாடுவது. அப்போது மிருதங்கம் சும்மா இருக்கும். விருத்தம் முடிந்து பாட்டை எடுத்த பிறகுதான் தாளம் சேரும். எங்கள் பஜனைக் குழுவில் ஜால்ரா போடுவது நான்தான். விருத்தம் முடிகிறவரை இரண்டு தட்டையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பது எனக்குக் கைப்பழக்கம். அந்த இடத்தில் யாராவது தெரியாத்தனமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டால் எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

மாசி மாதம், விடிகாலைக் குளிர் இன்னும் விடவில்லை. நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே உட்கார்ந்து பாட்டைப் போட்டார். விருத்தம் ஆரம்பித்தது. வண்டியைக் கிளப்பினார். விருத்தத்துக்கு நடுவில் ஜலஜலஜலவென்று ஜால்ரா விழுந்தது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். அப்புறம் நின்றுவிட்டது. விருத்தம் மட்டும் சுத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனேன்.

“ஏங்க, பாட்டு எதனா மாத்திட்டீங்களா?”

“இல்லியே. அதே பாட்டுதான். இன்னாத்துக்குக் கேக்கற?”

“விருத்தத்துல ஜால்ரா கேக்குது.”

“கேக்கட்டுமே. முருகனுக்கு ஜால்ரா போடாம உங்கண்ணனுக்கா போடுவாங்க?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் அண்ணன் கட்சியில் இருக்கிறவர். அவரைக் குத்தாமல் இவருக்கு ஒரு நாள் விடியாது.

மறுநாளும் அதே இடத்தில் அதே சத்தம். அன்றைக்குச் சாயங்காலம் அவர் வந்ததும் அந்த ஸ்பீக்கரை எடுத்துவந்து சமையலறையில் வைத்துப் பாட்டைக் கேட்டேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்டேன். விருத்தத்தில் ஜால்ரா கிடையவே கிடையாது. அப்படியானால் அது பாட்டில் இல்லை, வண்டியில் இருக்கிறது.

இதைச் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நாளைக்குக் காத்தால பாட்டுப் போடாம வண்டிய எடுங்க. நான் கேக்கணும்.”

“அதெப்படி? சாமி பேரு இல்லாம சாவியத் திருப்புனதே இல்ல நானு.”

“சாமி பேர வாயால சொல்லுங்க. மிஷின் சொன்னாத்தான் அவருக்குக் காதுல வுழுமா?”

மறுநாள் காலையில் கையைக் கூப்பி, “முருகா” என்றார். சாவியைத் திருப்பினார். அப்போது கேட்டது பாருங்கள், ஒரு தகர டப்பாவில் ஆணியைப் போட்டு உலுக்கினது போல. இல்லை, அதைவிடச் சரியாகச் சொல்கிறேன். சைக்கிளில் செயின் தொய்ந்து போனால் செயின் கவரில் பட்டுப் பட்டு ஒரு சத்தம் வருமே, அது. மூச்சு விடுகிற நேரத்துக்குள் யாரோ கையை வைத்து அமுக்கினது போல நின்றுவிட்டது. அவரும் கேட்டார். முகம் மாறியது. உடனே அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினார். ஒன்றுமே இல்லை. இன்னொரு தடவை. ஒன்றும் இல்லை.

“பாத்தியா, அவ்ளோதான். டேப்பட்டு.”

எங்கள் பக்கத்தில் இஞ்சினின் மேல் பக்கம் எந்தச் சத்தம் வந்தாலும் அதற்கு டேப்பட் என்று பெயர். வயிற்றில் எது செய்தாலும் வாயு என்று சொல்கிறோமே, அது மாதிரி. ஸ்டாண்டில் இருந்த டிரைவர்களும் அதையேதான் சொன்னார்களாம். “டேப்பட்டுதான் மச்சான், டயம் கெடைக்கசொல்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

வேறு நேரமாக இருந்தால் நானும் விட்டிருப்பேன். அந்த வாரம் விட முடியாது. எங்கள் பெரிய பெண்ணைப் படாளத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு ஒன்பதாம் மாதம். அந்த வெள்ளிக்கிழமை அங்கே வளைகாப்பு. முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். “என் பொண்ண என் வண்டியிலதான் கூட்டிகினு வருவேன்” என்று இவர் சம்பந்தி வீட்டில் சொல்லிவைத்திருந்தார். படாளத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு, பாலாற்றுப் பாலம், செங்கல்பட்டு, அதற்கப்புறம் திருக்கழுக்குன்றம் வழியாக வர வேண்டும். லாரிகள் முட்டுகிறாற்போல வருகிற அந்த ரோட்டில், நடுப் பாலத்தில், வயிற்றைத் தள்ளிக்கொண்டிருக்கிற பெண்ணோடு வண்டி நின்றால்? அதை நினைத்த மாத்திரத்தில் எனக்கு முடிவு வந்துவிட்டது. சத்தம் எதனால் என்று தெரியாமல் அவளை அந்த வண்டியில் ஏற்றுவதில்லை.

இவர் வழக்கமாக வண்டியை ரிப்பேருக்கு விடுவது செங்கல்பட்டில், ராட்டினங்கிணறு பக்கத்தில் ஒரு பாயிடம். என் தொந்தரவு தாங்காமல் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். பாய் பானட்டைத் திறந்துவைத்து ரொம்ப நேரம் கேட்டாராம். ஒரு சத்தமும் இல்லையாம். “தேன் மாரி ஓடுது, போ” என்று சொன்னாராம்.

மறுநாள் காலை ஜலஜல.

எனக்குப் புரிந்துவிட்டது. இங்கிருந்து செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் இஞ்சின் நன்றாகச் சூடாகிவிடுகிறது. இராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த வண்டி முதல் தடவை கிளம்பும்போது மட்டும்தான் அந்தச் சத்தம் வருகிறது. பாய் அதைக் கேட்டதே இல்லை. புதன்கிழமை சாயங்காலம் நானும் கூடப் போனேன்.

பாய்க்கு என்னைத் தெரியாது. தாடி நரைத்த மனுஷர். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“பாய், இந்த வண்டிய இங்கயே வுட்டுட்டுப் போறோம். இப்ப நீங்க தொடாதீங்க. காத்தால நாங்க வந்தப்புறம் எடுங்க. அப்பத்தான் அது பேசும்.”

“இன்னா பேசும் தங்கச்சி?”

“ஜால்ரா போடும்.”

பாய் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “இன்னா நைனா, வூட்ல நீ போடறது பத்தாதுன்னு வண்டியும் போடுதா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் சாவியைப் பாய் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தேன். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் இவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். திருக்கழுக்குன்றத்தில் மலை தெரிந்தபோது மட்டும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். “டேப்பட்டுக்குப் போயி ஒரு சவாரி போச்சு, பேஜாரு” என்று ஒரு தடவை அவராகச் சொல்லிக்கொண்டார்.

காலையில் முதல் பஸ்ஸில் போய்விட்டோம். பாய் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்து கடை வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

“நா கையே வெக்கல தங்கச்சி. வா, இப்டி நில்லு.”

பானட்டைத் திறந்தார். உள்ளே ஏறி உட்கார்ந்து, “பிஸ்மில்லா” என்று சொல்லிச் சாவியைத் திருப்பினார். அவருக்கும் சாமி பெயரை வாயால்தான் சொல்லிப் பழக்கம். ஜலஜலஜல. நின்றது.

உடனே அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். நேற்றைய சிரிப்பு இல்லை.

“இது டேப்பட்டு இல்ல. டேப்பட்டு டிக்கு டிக்குன்னு எண்ணறாப்ல வரும், வண்டி ஓடசொல்ல கூடவே வரும். இது உதறுது.”

ஒரு நீள ஸ்குரூடிரைவரை எடுத்தார். மறுபடி வண்டியைக் கிளப்பி, அதன் நுனியை இஞ்சினில் இங்கே ஒரு இடம் அங்கே ஒரு இடமாக வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். பக்கவாட்டில் ஒரு மூடி இருந்தது. அங்கே வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, புடவைத் தலைப்பை நன்றாக இழுத்துச் செருகிக்கொள்ளச் சொல்லி, என் காதிலும் வைக்கச் சொன்னார். மற்ற இடங்களில் ஒரே சீராக ஓடுகிற சத்தம். மூடியில் வைத்தபோது மட்டும் அடியில் ஒரு உராய்வு. வெளியில் நின்றால் அது யாருக்கும் கேட்காது.

பாய் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இஞ்சினுக்குள் கீழே ஒரு பல் சக்கரம், மேலே ஒரு பல் சக்கரம். கீழே உள்ளது பிஸ்டனை ஏற்றி இறக்குகிறது. மேலே உள்ளது வால்வைத் திறந்து மூடுகிறது. இரண்டும் ஒரே தாளத்தில் போக வேண்டும். அப்படிப் பிடித்து வைத்திருப்பது ஒரு செயின். அதற்குப் பெயரே டைமிங் செயின். அது தொய்யாமல் ஒரு பக்கமிருந்து அழுத்திக்கொண்டிருக்கிற சாமானுக்கு டென்ஷனர் என்று பெயர். அது ஆயிலின் அழுத்தத்தில்தான் அழுத்தும். இராத்திரியில் ஆயில் கீழே இறங்கிவிடுகிறது. காலையில் கிளப்பினதும் ஆயில் மேலே ஏறுகிற வரைக்கும் செயினைப் பிடிக்க ஆளில்லை. நல்ல வண்டியில் அது தெரியாது. செயின் நீண்டுபோய், டென்ஷனரும் தளர்ந்துபோன வண்டியில் செயின் அலைந்து அடித்துக்கொள்கிறது. ஆயில் ஏறினதும் சத்தம் அடங்கிவிடுகிறது. தொய்வு அப்படியேதான் இருக்கும்.

“ஒரு பல்லு தாண்டுச்சின்னா?” என்று நான் கேட்டேன்.

“தாளம் தப்பிடும். பிஸ்டன் மேல வரசொல்ல வால்வு தெறந்துகினு நிக்கும். ரெண்டும் முட்டிக்கும். இஞ்சின் அங்கயே முடிஞ்சிது.”

என் வீட்டுக்காரர் இப்போது பாயைத் தனியாகக் கூப்பிடுகிற மாதிரி, ஆனால் எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“பிரிச்சா எத்தினி நாளாவும் பாய்?”

“சாமான் மெட்ராஸ்லேந்து வரணும். நாலஞ்சு நாளு.”

“நாளைக்குப் பொண்ணக் கூப்ட்டுகினு வரணும். ஒரே ஒரு ட்ரிப்பு. போய்ட்டு வந்து வுட்டுடறேன். இவ்ளோ நாளு ஓடுன வண்டி ஒரு நாளு ஓடாதா?”

பாய் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “ஓடும். ஒரு மாசம்கூட ஓடும். இந்தத் தெருமுனையிலயும் நிக்கும். எதுன்னு எனுக்கே தெரியாது நைனா. தெரிஞ்சா சொல்ல மாட்டனா?”

இவர் என்னைப் பார்த்தார். சம்பந்தி வீட்டு வாசலில் தன் வண்டியில் போய் இறங்க வேண்டும், தன் பெண்ணைத் தானே ஓட்டிக் கூட்டிவர வேண்டும் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்குத் தெரியும். அதற்காக முன் சீட்டுக்குப் புது உறைகூடப் போட்டிருந்தார். தெரிந்தேதான் சொன்னேன்.

“பிரிங்க பாய்.”

“ஏ, நா சொல்றத…”

“என் பொண்ணு இதுல ஏற மாட்டா. பிரிங்க.”

பாய் இவருடைய பதிலுக்காகக் காத்திருந்தார். இவர் சரியென்று தலையை அசைத்தார். அசைத்துவிட்டு வெளியே டீக்கடைக்குப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார்கள். பாய் எங்களை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். செயினைக் கட்டைவிரலால் தள்ளினால் துணி காயப்போடுகிற கொடி மாதிரி உள்ளே போய் வந்தது. அது ஓடுகிற பாதையில் ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது. அதில் ஒரு துண்டு உடைந்து விழுந்திருந்தது. பாய் அதை ஆயிலுக்குள்ளிருந்து விரலால் எடுத்து இவர் உள்ளங்கையில் வைத்தார். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், “பஸ்ஸுல போலாம், வா” என்றார். அந்தக் குரலில் கோபம் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை ஸ்டாண்டில் அவருக்குக் கூட்டாளியான ஒருவரின் காரில் படாளம் போனோம். கூட்டாளி ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாலாற்றுப் பாலம் வரைக்கும் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். “மச்சான், தரைய ஓட்ட பண்ணிடாத” என்று கூட்டாளி சொன்னார்.

சம்பந்தியம்மாள் வாசலிலேயே கேட்டார்கள். “உங்க வண்டி எங்க சம்மந்தி?”

“அதுக்கும் வளகாப்புதான், செங்கல்பட்டுல நடக்குது” என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் முருகனைக் கும்பிட்டேன்.

பெண் பத்திரமாக வந்து சேர்ந்தாள். அடுத்த வாரம் வண்டி வந்தது. புதுச் செயின், புது டென்ஷனர், புதுப் பட்டை, புது ஆயில். வந்த மறுநாள் காலை இவர் “முருகா” என்று வாயால் சொல்லி, சாவியைத் திருப்பி, ஒரு மூச்சு நேரம் காதைக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் பாட்டைப் போட்டார். இன்றைக்கும் அப்படித்தான். பேரன் பிறந்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அந்த வண்டியிலேயே வீட்டுக்கு வந்தான்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். இது ஊரில் வேறு வேறாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பஜனைக் குழுவில், முருகனே இஞ்சினுக்குள் உட்கார்ந்து ஜால்ரா போட்டு எச்சரித்தான் என்கிறார்கள். அப்படி இல்லை. ஜால்ரா போட்டது தொய்ந்த செயின். முருகன் எனக்குக் காதையும் விருத்தத்தில் சும்மா இருக்கிற பழக்கத்தையும் கொடுத்திருந்தான். எனக்கு அதுவே போதும். ஸ்டாண்டில் ஒருவர், “காலையில ஒரு சத்தம் வரும், தானா நின்னுடும், ஒண்ணும் பண்ணாது” என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு ஓட்டினார். மாமல்லபுரம் தாண்டி ஈ.சி.ஆரில் அவர் வண்டி நின்றது. பாய் சொன்ன மாதிரியே பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொண்டு, இஞ்சின் முழுக்கப் போனது. நல்ல வேளை, அவர் மட்டும்தான் உள்ளே இருந்தார். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் சொல்கிற கதை இன்னும் அழகாக இருக்கும். பாய் ஒரே நாளில் சரிசெய்து கொடுத்துவிட்டாராம், மறுநாள் பெண் அப்பா வண்டியிலேயே ஜம்மென்று வந்து இறங்கினாளாம். அப்படிச் சொல்லும்போது என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அவர் ஆசை அது. ஆட்டிவிட்டுப் போகட்டும்.

உங்களிடம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கார் வைத்திருப்பவர்கள் யாருக்காவது இதைச் சொன்னால் இருக்கிறபடி சொல்லுங்கள். இராத்திரி நின்ற வண்டியைப் பாட்டு இல்லாமல் கிளப்பிக் கேட்கச் சொல்லுங்கள். சத்தம் தானாக நின்றாலும் விடாமல் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். அற்புதம் எதையும் சேர்க்க வேண்டாம். பெண்ணை அந்த வண்டியில் நாங்கள் ஏற்றவில்லை, அடுத்தவர் காரில்தான் கூட்டிவந்தோம். அந்த இடத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.